புறங்கையில் ஒரு சொட்டு

பேனாவுக்கு மை போடுகிற பழைய ஃபில்லர் அது. கண்ணாடிக் குழாயின் தலையில் கறுப்பு ரப்பர் குமிழ். குளிரிலும் எண்ணெயிலும் கிடந்து குமிழ் இறுகிப்போய், அமுக்கி விட்டால் சட்டென்று எழும்பாது; யோசித்து யோசித்து எழும்பும். கொடைக்கானல் பஜாரில் தைலக்கடை வைத்திருந்த பாய் அதைத் தைல டின்னுக்குள் விட்டு உறிஞ்சுவார். கடைக்கு வந்தவரின் கையை உரிமையோடு பிடித்துத் திருப்பி, புறங்கையில் ஒரே ஒரு சொட்டு விடுவார். "நீங்களே மோந்து பாருங்க" என்பார். வந்தவர் மோந்து பார்த்துத் தலையாட்டும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மதுரையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு இது ரொம்பவும் பிடித்துப்போனது. சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேசாமல், நீயே பார்த்துச் சொல் என்று விட்டுவிடுகிற வியாபாரியை அவர்கள் வேறெங்கே பார்த்திருப்பார்கள்? நாலைந்து மாதத்தில் பக்கத்துக் கடைக்காரர்களும் ஆளுக்கொரு ஃபில்லர் வாங்கி வைத்துக்கொண்டார்கள். யோக்கியமான மனுசன் என்று பஜாரே சொன்னது. யோக்கியமான மனுசன்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொட்டுக்குக் காரணம் யோக்கியம் இல்லை. அது ஒரு நோயின் அறிகுறி. அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒருமுறை அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, இன்னொரு முறை காய்ந்த துணியை எடுக்க, மூன்றாவது முறை எதற்கென்றே தெரியவில்லை. என் சுபாவம் அப்படி. மைக்ராஸ்கோப்பின் முன்னால் மட்டும்தான் என்னால் அசையாமல் உட்கார முடியும். பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். வீடு செண்பகனூர். காலையில் எனக்குத் தோதாக ஒரே ஒரு டவுன் பஸ்தான். அது என்னைக் கிளினிக் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். மூடிய கதவுக்கு முன்னால் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பாய்தான் கூப்பிட்டு ஸ்டூல் போட்டார். அவர் வீடு கடைக்குப் பின்கட்டிலேயே இருந்தது. அவர் மனைவி ஃப்ளாஸ்கில் இஞ்சி டீ கொடுத்து அனுப்புவார். மகள் திண்டுக்கல்லில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து, இதெல்லாம் வெளியே வரும்வரை ஏழு வருஷம், வேலை நாட்களில் அந்த அரை மணி நேரம் எனக்கு அந்த ஸ்டூலில்தான் கழிந்தது. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது என்பதால் அது கேட்க நன்றாக இருந்தது.

முதல் ஐந்து வருஷம் ஃபில்லரெல்லாம் இல்லை. தைலம் காய்ச்சுகிறவர்கள் டின்னைக் கொண்டுவந்து வைத்தால், பாய் மூடியைத் திறந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு மூச்சு இழுப்பார். அவ்வளவுதான். இது போன மாசம் காய்ச்சினது, இதில் இலை பச்சையாக இருந்திருக்கு, இதில் டர்பன்டைன் கலந்திருக்கு என்று சொல்லிவிடுவார். கலப்படம் என்றால் கத்த மாட்டார். மூடியைத் திருகி டின்னை வாசல் படியில் வைத்துவிடுவார். வந்தவர் பேசாமல் தூக்கிக்கொண்டு போவார். பாய் மூக்கு என்று பஜாரில் ஒரு பேச்சே இருந்தது. அந்த மூக்குதான் அவருக்குப் போர்டு, விளம்பரம், எல்லாம். எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி பேசுவார். நான் கிண்டல் செய்வேன்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அவருக்குச் சளி பிடித்தது. பிடித்த சளி போகவே இல்லை. மூக்கடைப்பு, தும்மல், பேச்சில் ஒரு கரகரப்பு. கொடைக்கானலில் மூக்கு ஒழுகாதவன் யார் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அதற்கப்புறம்தான் இந்த ஃபில்லர் வந்தது. நானும் முதலில் வியாபாரத் தந்திரம் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் காலை கடைக்குள் கால் வைத்ததுமே குமட்டியது. பலகைக்கு அடியில் எங்கோ எலி செத்து ஊறிக் கிடந்தது. பாயோ பேப்பரை விரித்துவைத்து நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். எலி செத்துக் கெடக்கு போல பாய் என்றேன். தலையைத் தூக்கி இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு, ஆமாமா, வெள்ளனே இருந்தே ஒரே வாடை என்றார். எழுந்து போய் மேல் தட்டில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக நகர்த்தித் தேட ஆரம்பித்தார். வாடை கீழே, அவருடைய காலடியில் இருந்து வந்துகொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மனிதருக்கு எதுவுமே மணக்கவில்லை. தைலம், டீ, செத்த எலி எல்லாம் ஒன்றுதான்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். உங்களுக்கு வாசனை தெரியலையா பாய் என்று, அவ்வளவுதான் கேள்வி. நான் குனிந்து, இங்கன கீழ இருக்கும் பாய், பலகையைத் தூக்கிப் பாருங்க என்று மட்டும் சொன்னேன். அதை ரொம்ப நாசூக்கான காரியம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மூக்கை வைத்துப் பிழைக்கிறவரிடம் மூக்கு போய்விட்டதா என்று எப்படிக் கேட்பது? அவரே மறைக்கிறார், மறைத்துக்கொண்டு போகட்டுமே. இப்படியே நாள் ஓடியது. என் புறங்கையிலும் அவ்வப்போது புது டின்னிலிருந்து ஒரு சொட்டு விழும். நானும் மோந்து பார்த்து நல்லாருக்கு பாய் என்பேன். சில டின்களில் பெயின்ட் கடைக்குள் நுழைந்தது மாதிரி ஒரு நெடி அடிக்கும். அதற்கும் நல்லாருக்கு என்றுதான் சொன்னேன். நல்லாயில்லை என்று சொன்னால் அவர் மோந்து பார்க்க வேண்டி வரும். அந்தச் சங்கடத்துக்குள் அவரைத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. இன்று நினைத்தால் என்னைப் பிடித்து நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

இளைப்பு அடுத்த வருஷம் ஆரம்பித்தது. முதலில் மேட்டில் ஏறும்போது, பிறகு மூடுபனி இறங்கும்போது, பிறகு யாராவது பீடி பற்றவைத்தால், கடைசியில் பலமாகச் சிரித்தால்கூட. கிளினிக்குக்கு வந்தார். டாக்டரம்மா மதுரைக்காரர், கறாரான ஆள், நோயாளியை அதட்டித்தான் குணப்படுத்துவார். ரத்தம் எடுத்து ஸ்லைடு போட்டது நான். ஈசினோஃபில் என்று ஒரு வகை வெள்ளணு உண்டு. சாயம் ஏற்றிப் பார்த்தால் செங்கல் நிறத்தில் குருணை குருணையாகத் தெரியும். சாதாரணமாக ஒரு ஸ்லைடில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாயின் ரத்தத்தில் அது பார்க்கிற இடமெல்லாம் இருந்தது. இது கூடினால் நம் ஊரில் முதலில் வயிற்றுப்பூச்சியைத்தான் சந்தேகிப்பார்கள். பாய்க்கும் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். பூச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்ததாக டாக்டரம்மாவின் சந்தேகம் கடையின் மேல் விழுந்தது. நாள் முழுக்கத் தைல நெடியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு மூச்சு ஒத்துக்கொள்ளவில்லை என்பது யாருக்கும் நியாயமாகத்தான் தோன்றும். இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டு, கடையை விட்டுவிடச் சொன்னார். அந்தக் கடையில் உட்காருகிற வரைக்கும் இது தீராது என்று சொல்லிவிட்டார்.

பாய் சரிங்க என்று ஒப்புக்கொண்டார். சீசன் முடிந்ததும் கடையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, பழனியில் மச்சான் வைத்திருக்கும் பாத்திரக்கடையில் போய் உட்காருவது என்று முடிவாகிவிட்டது. அவருக்கு அங்கே என்ன சோலி இருக்கிறது, குடத்தைத் தட்டிச் சத்தம் பார்க்கவா? இருபத்தெட்டு வருஷமாக இருந்த இடம். தட்டிலிருந்த பாட்டில்களைத் துடைத்துத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். நான் ஸ்டூலில் இருப்புக் கொள்ளாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். டாக்டரம்மா அவரிடம் வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோது, இல்லைங்க என்று பாய் சொன்னது என் காதிலும் விழுந்தது. அது பொய்யில்லை. அவர் சட்டைப்பையில் எப்போதும் தலைவலி மாத்திரை இருக்கும். மண்டை குத்தும்போதும், இளைத்து இளைத்து நெஞ்சுக்கூடு வலிக்கும்போதும் பாதியாக உடைத்து டீயோடு போட்டுக்கொள்வார். மலையில் மூட்டை தூக்குகிறவர், பூண்டு பிடுங்குகிறவர், மட்டக்குதிரை ஓட்டுகிறவர் எல்லோருமே அப்படித்தான். மேலுவலி மாத்திரையை இங்கே யாரும் மருந்து என்று கணக்கில் எடுப்பதில்லை. அது வெற்றிலை பாக்கு மாதிரி. பெட்டிக்கடையில் வாங்குவதை டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? எனக்கும் அப்படித்தான் இருந்தது. படித்த எனக்கே அப்படித்தான் இருந்தது.

சீசன் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மறுபடி ரத்தம் கொடுக்க வந்தார். முகம் வீங்கினாற்போல் இருந்தது. கன்ன எலும்பை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மூஞ்சி பூரா குத்துது தங்கச்சி, கண்ணைத் தொறக்க முடியல என்றார். சட்டைப்பையில் இருந்தது தீர்ந்துவிட்டதாம். என் கைப்பையில் மாதாந்திர வலிக்கு நான் போடுகிற மாத்திரை இருந்தது. அவர் சாப்பிடுகிறதைவிட வலுவானது. முழுசாகவே கொடுத்தேன். தண்ணீரும் நானே ஊற்றிக் கொடுத்தேன். ரத்தம் எடுத்துவிட்டு, போய்ப் படுத்துக்கோங்க பாய், வெரசா சரியாயிடும் என்று அனுப்பிவைத்தேன். அவரும் நீ நல்லா இருப்ப என்று சொல்லிவிட்டுப் போனார்.

முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. சந்தில் ஓடி வருகிற சத்தம் கேட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் பாயை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள், பின்னால் அவர் மனைவி. பாயின் கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்திருந்தது. முகம் சிவந்து, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. உதட்டோரம் நீலம். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. விசில் சத்தம்கூட நின்றுவிட்டது, அதுதான் மோசம் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மா ஆக்சிஜன் மாட்டினார், ஊசி போட்டார், நெபுலைசரை வைத்தார். கையெல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, இன்னைக்கு என்ன சாப்பிட்டாரு, புதுசா என்ன சாப்பிட்டாரு என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார். அந்த அம்மாள் ஒன்றும் இல்லை, ரெண்டு இட்லிதான் என்று அழுதார். நான் சுவரோடு சுவராக நின்றேன். என் கைப்பை அங்கேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"நான்தான் டாக்டர் மாத்திரை குடுத்தேன். வலி மாத்திரை. அவரு அடிக்கடி போடுறதுதான்" என்றேன். டாக்டரம்மாவின் கை ஒரு நொடி நின்றது. என் வாய் நிற்கவில்லை. "அவருக்கு வாசனை தெரியாது டாக்டர். ரெண்டு வருசமா எதுவுமே தெரியாது."

பாய் அந்த நிலையிலும் என்னைப் பார்த்தார். பிளாஸ்டிக் மாஸ்க்குக்கு மேலே அந்த இரண்டு கண்கள். சந்துக்குள் கூடியிருந்த கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மனைவிக்கே அது தெரிந்திருக்கவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு நின்றார். டாக்டரம்மா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. சின்ன டார்ச்சை எடுத்துப் பாயின் மூக்குக்குள் அடித்துப் பார்த்தார். உள்ளே உரித்த திராட்சை மாதிரி சதை தொங்கிக்கொண்டிருந்தது. ஏன்டி இதை இத்தனை நாள் சொல்லல என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். மத்தியானத்துக்குள் பாயின் மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்தது. ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினோம்.

அவர் பிழைத்துத் திரும்பி வந்த பிறகு டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். பாய்க்குப் புரிய வேண்டும் என்பதற்காக மலை ரோட்டைத்தான் உதாரணம் சொன்னார். "கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு ரோடு ஒண்ணு, பழனி ரோடு ஒண்ணு. வத்தலக்குண்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு அடைச்சா என்ன ஆகும்? பூரா வண்டியும் பழனி ரோட்டுலதான ஏறும். நீங்க போட்ட மாத்திரை முத ரோட்டை அடைச்சிருச்சு பாய்." ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கொழுப்பாலான மெல்லிய உறை இருக்கிறது. எரிச்சல் வந்தால் அந்த உறையிலிருந்து ஒரு கொழுப்பு அமிலம் கழன்று வருகிறது. அது இரண்டு வழியில் போகலாம். ஒரு வழியில் போனால் புரோஸ்டாகிளாண்டின்கள். வலியை உண்டாக்குபவை அதில்தான் இருக்கின்றன, ஆனால் மூச்சுக்குழலைச் சமாதானப்படுத்தி வைக்கிற ஒன்றும் அதிலேதான் இருக்கிறது. இன்னொரு வழியில் போனால் லூக்கோட்ரையீன்கள். இவை துளியூண்டு இருந்தாலே போதும், மூச்சுக்குழல் தசையை இறுக்கிவிடும், உள்தோலை வீங்கவைக்கும், சளியைச் சுரக்கவைக்கும். வலி மாத்திரை முதல் வழியை அடைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. பாய் மாதிரிச் சிலருக்கு ஏற்கெனவே இரண்டாவது வழியில்தான் நெரிசல். சமாதானம் செய்கிறதும் அவர்களிடம் குறைச்சல். அதையும் மாத்திரை நிறுத்திவிட்டால் பிடித்து நிறுத்த ஆளில்லை. பாதி மாத்திரைக்கு இளைப்பாக வந்தது, நான் கொடுத்த முழு மாத்திரைக்கு மூச்சையே அடைத்துவிட்டது.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது அதன் அடுத்த பகுதி. இந்த லூக்கோட்ரையீன்கள் மூச்சுக்குழலை இறுக்குவதோடு நிற்பதில்லை; ரத்தத்திலிருந்து ஈசினோஃபில்களைக் கூப்பிடுகின்றன. வந்து சேருகிற ஈசினோஃபில்கள் சும்மா இருப்பதில்லை, அவையும் அதே சரக்கை இன்னும் காய்ச்சி ஊற்றுகின்றன. கூப்பிட்டதும் வந்து, வந்தது இன்னும் நாலைக் கூப்பிட்டு, மூக்குக்குள் சதை வளர்ந்து, வாசனை நரம்பு வரை காற்றே போகாமல் அடைத்து, மூச்சுக்குழல் எதற்கெடுத்தாலும் சுருங்குகிற அளவுக்குப் புண்ணாகிக் கிடந்தது. அப்புறம் மூடுபனி பட்டாலும் சுருங்கும், சிரித்தாலும் சுருங்கும். தைல நெடியும் கொஞ்சம் சீண்டியிருக்கும்தான். ஆனால் வேர் அது இல்லை. இளைப்பு, மூக்குச் சதை, வலி மாத்திரை ஆகாமை ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த கதைதானாம். மூக்கு மணக்கவில்லை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே மாத்திரையைப் பற்றிக் கேட்டிருப்பேன் என்றார் டாக்டரம்மா. நான் அந்தச் செங்கல் நிற அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக் கொடுத்தவள். செத்த எலியையும் பார்த்தவள். இரண்டையும் என் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன், ஒன்றோடொன்றை முடிச்சுப் போடவில்லை.

கடை தப்பியது. பாத்திரக்கடைப் பேச்சு அன்றோடு முடிந்தது. அட்டைப்பெட்டியில் போன பாட்டில்கள் தட்டுக்குத் திரும்பின. மதுரையில் மூக்குச் சதையை எடுத்தார்கள். ஸ்டீராய்டும், தினமும் போட இரண்டாவது வழியைக் கொஞ்சம் அடக்கி வைக்கிற மாத்திரையும் கொடுத்தார்கள். சாப்பிடக் கூடாத வலி மாத்திரைகளின் பெயர்களை டாக்டரம்மா பெரிய எழுத்தில் எழுதித் தர, பாய் அதைக் கடைச்சுவரில் ஒட்டிவைத்தார். நான் கடைப்பக்கம் போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கிளினிக் வாசலில் போய் நின்றுகொண்டேன். அவர் மானத்தைச் சந்தில் போட்டு உடைத்தவள் என்கிற நினைப்பு ஒரு பக்கம், கொல்லப் பார்த்தவள் என்கிற நினைப்பு ஒரு பக்கம். மூன்றாவது வாரம் அவரே சந்து முனையில் வந்து நின்று கை காட்டிக் கூப்பிட்டார். போனேன். பாய்க்கு மூக்கு திரும்பியிருந்தது.

கவுன்டர் மேல் டின்கள் வரிசையாகத் திறந்து கிடந்தன. ஃபில்லரில் எடுத்து என் புறங்கையில் ஒரு சொட்டு விட்டார். மோந்து பார்க்கச் சொன்னார். மோந்தேன். பெயின்ட் கடை நெடி. நான் நிமிர்வதற்குள் அவர் பேசினார். குரல் உயரவில்லை.

"டர்பன்டைன் தங்கச்சி. பாதிக்குப் பாதி. ரெண்டு வருசமா ஊரு உலகத்துக்கே இதத்தான் சொட்டு விட்டுக் குடுத்திருக்கேன். எல்லாரும் மோந்தாங்க, எல்லாரும் தலையாட்டுனாங்க. வந்தவங்க விட்டுருவோம், அவங்களுக்குத் தெரியாது. நீ தெனம் மோந்தியே. நீ ஏன் சொல்லல?"

மாத்திரையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்ததெல்லாம் மாத்திரையைப் பற்றித்தான். உங்கள் மனசு நோகக் கூடாதென்று என்று ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டேன். உண்மையில் யாருடைய மனசு நோகக் கூடாதென்று பேசாமல் இருந்தேன்? சங்கடமான ஒரு கேள்வியைக் கேட்க வேண்டிய என் சங்கடத்தைத்தான் நான் தவிர்த்தேன். அதற்கு நாசூக்கு என்று பெயர் வைத்துக்கொண்டேன். பாய் அந்த டின்களையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக் காய்ச்சுகிறவர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டு வந்தார். என்னோடு பத்து நாள் பேசவில்லை. பதினோராவது நாள் ஸ்டூல் வெளியே வந்தது.

அந்த வாசனை நிலைக்கவில்லை. ஸ்டீராய்டைக் குறைக்கக் குறைக்க மங்கியது, நாலு மாதத்தில் மறுபடி போய்விட்டது. சதை திரும்ப வளரும் என்று மதுரையில் முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இந்த முறை பாய் மறைக்கவில்லை. டின் கொண்டுவருகிறவர்களிடமும் வேனில் வருகிறவர்களிடமும் நேராகவே சொல்லிவிடுவார்: "எனக்கு மூக்கு செத்துப்போச்சுங்க. நீங்க மோந்து உள்ளதச் சொல்லுங்க." அதே ஃபில்லர், அதே சொட்டு, கூட ஒரு வாக்கியம். புது டின் வந்தால் மூடி திறப்பது என் முன்னால்தான். பிடிக்காத டின்னை நான் முகம் சுளித்துத் தள்ளிவிடுவேன். அது படியில் போய் உட்காரும். இப்படியே ஒன்பது வருஷம். பிறகு எனக்குத் திண்டுக்கல்லில் பெரிய லேபில் வேலை கிடைத்து மலையை விட்டு இறங்கினேன். மூச்சு அவரைக் கொல்லவில்லை. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் மாரடைப்பில் ஒரே நாளில் போய்விட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காக மேலே போனேன். பஜார் அடையாளம் தெரியவில்லை. சாக்லேட் கடைகள், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்களையே படம் பிடித்தபடி பின்னோக்கி நடக்கிற பிள்ளைகள். தைலக்கடை மட்டும் அதே இடத்தில் இருந்தது. பாயின் மகள் உட்கார்ந்திருந்தாள். சுவரில் டாக்டரம்மாவின் எழுத்து லேமினேஷனுக்குள் போயிருந்தது. கேரளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. மகள் கவுன்டருக்கு அடியிலிருந்து அந்த ஃபில்லரை எடுத்தாள். குமிழ் மட்டும் புதுசு, நீல நிறம். அந்த வீட்டம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பி ஒரு சொட்டு விட்டாள். நீங்களே மோந்து பாருங்க என்றாள். அந்த அம்மாள் மோந்து தலையாட்டினார். மகள் மோந்து பார்க்கவில்லை. அடுத்த ஆளுக்கும் சொட்டு விட்டாள், அப்போதும் பார்க்கவில்லை. மூக்கை ஒருமுறை துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. நகர்ந்து தெருவுக்குப் போனேன், திரும்பி வந்தேன். அத்தாவின் பழக்கம் மகளுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொன்னேன். காலை நேரம், குளிருக்கு மூக்கு ஒழுகுகிறது, கொடைக்கானலில் மூக்கு ஒழுகாதவன் யார்? இந்த வாக்கியத்தை எப்போதோ சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டு, ரத்த டெஸ்ட் அக்கா என்று சிரித்து, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வழக்கம்போல என் கையையும் பிடித்துத் திருப்பி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, நீங்களே மோந்து பாருங்கக்கா என்றாள். நான் மோக்கவில்லை. கடை நிறைய ஆட்கள் நின்றார்கள். என் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நீ மோந்து சொல்லு."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சந்தில் அன்றைக்கு நடந்தது அவள் வீட்டில் பேசப்பட்டிருக்கும். கவுன்டரைத் தாண்டிக் குனிந்தாள். என் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள். இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். அவள் மறுபடி ஒருமுறை இழுத்தாள். நெற்றி சுருங்கியது. கேரளக் குடும்பத்திடம் திரும்பி, கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குக் கட்டி வைத்திருந்த பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இது பழைய எண்ணெக்கா" என்றாள். "காலைல இருந்து நான் பாக்கவே இல்ல."

டின்னின் மூடியைத் திருகித் தூக்கிக்கொண்டு போய் வாசல் படியில் வைத்தாள்.